பிடி அரிசிக்குக் கணக்கு இருந்துச்சு, பள்ளிக்கூட மானியத்துக்கு?

விருதுநகர்க்காரனுக்கு விலை தெரியும். பெருமைக்குச் சொல்லலீங்க, நெசமாவே அப்படித்தான். துவரம்பருப்பு மூட்டை என்ன போகுது, பாமாயில் டின் ஏறிச்சா இறங்கிச்சா, வத்தல் குவிண்டால் எவ்வளவு... டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லிடுவாங்க. 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்று பேப்பரில் பார்த்துத்தான் தமிழ்நாட்டில் பாதி மளிகைக்கடை அண்ணாச்சிகள் விலை போடுறாங்க. மறைச்சு வச்சு யாவாரம் பண்ற ஊர் இல்லை இது. விலையை ஊருக்கே வாசிச்சுட்டு யாவாரம் பண்ற ஊர்.

இன்னொரு நம்பரும் நம்ம ஆளுங்களுக்கு மனப்பாடம். தேர்ச்சி சதவீதம். 2017லயும் 2018லயும் பிளஸ் டூவில் மாநிலத்திலேயே முதல் மாவட்டம் விருதுநகர். அதுக்கு முன்னாடியும் எத்தனையோ தடவை. ரிசல்ட் வர்ற அன்னிக்கு 'இந்த வருசம் நாம எத்தனாவது இடம்?' என்பதுதான் ஊர்ப் பேச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம். ஒரே ஒரு கேள்வி. உங்க தெருவில் இருக்கிற அரசுப் பள்ளிக்கூடத்துக்கு போன வருசம் எவ்வளவு பணம் வந்துச்சு? எதுக்குச் செலவாச்சு? மிச்சம் எவ்வளவு?

தெரியாதுல்ல? எனக்குத் தெரிஞ்ச நாப்பது அம்பது பேர்கிட்ட கேட்டுப் பார்த்துட்டேன். ஒருத்தருக்கும் தெரியலை. அதில் அஞ்சாறு பேர் அந்தப் பள்ளிக்கூடத்துலயே பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவங்க. வத்தல் விலை தெரிஞ்ச ஊருக்கு, பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்தோட வரவு செலவு தெரியலை. இதைப் பத்தித்தான் இன்னிக்குப் பேசணும்.

*

ஒவ்வொரு வருசமும் சட்டசபையில் பட்ஜெட் வாசிக்கிறாங்க. தமிழ்நாட்டில் பள்ளிக்கல்வித் துறைக்கு 2023-24ல் ரூ.40,299 கோடி. 2024-25ல் ரூ.44,042 கோடி. 2025-26ல் ரூ.46,767 கோடி. எந்த ஆட்சி வந்தாலும் பெரிய ஒதுக்கீடு பள்ளிக்கல்விக்குத்தான், அதில் சந்தோசம்தான்.

ஆனா நாப்பத்தாறாயிரம் கோடி என்பதை வச்சு நானும் நீங்களும் என்ன செய்ய? அந்த நம்பர் தலைக்கு மேல போற ஏரோப்ளேன் மாதிரி. சத்தம் கேக்கும், அண்ணாந்து பார்ப்போம், போயிடும். அதில் பெரும்பகுதி சம்பளம், பென்சன். அது வேணும், அதில் குறை சொல்ல ஒண்ணும் இல்லை. நான் கேக்கிறது, அந்த ஏரோப்ளேன் நம்ம தெருவில் இறங்கும்போது என்ன இறக்கிட்டுப் போகுதுன்னு.

அதுக்கும் கணக்கு இருக்கு. சமக்ர சிக்ஷா என்று ஒரு திட்டம். அதில் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் வருசா வருசம் ஒரு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் உண்டு. பிள்ளைகள் எண்ணிக்கையைப் பொறுத்து ரேட்:

30 பிள்ளைகள் வரைக்கும் 10,000 ரூபாய்.
100 பேர் வரைக்கும் 25,000.
250 வரைக்கும் 50,000.
1,000 வரைக்கும் 75,000.
அதுக்கு மேல போனா ஒரு லட்சம்.

சாக்பீஸ், ரிஜிஸ்டர், கரண்ட் பில், குடிதண்ணி, ரிப்பேர், பந்து, லேப் சாமான் எல்லாம் இதுக்குள்ளதான். அதில் குறைஞ்சது 10 சதவீதம் சுத்தம் சுகாதாரத்துக்குன்னு ஒதுக்கணும் என்பது விதி.

இப்ப ஒரு கணக்குப் போடுவோம். 180 பிள்ளைகள் படிக்கிற ஒரு நடுநிலைப் பள்ளி. மானியம் 50,000. ஒரு பிள்ளைக்கு வருசத்துக்கு 277 ரூபாய் சொச்சம். நம்ம ஊர் பரோட்டாக் கடையில் ரெண்டு பேர் சாப்பிட்டாக் காலி. கக்கூஸ் சுத்தம் பண்ண 10 சதவீதம்னா 5,000 ரூபாய். பள்ளிக்கூடம் நடக்கிற பத்து மாசத்துக்குப் பிரிச்சா மாசம் 500. பினாயில், பிளீச்சிங் பவுடர், விளக்குமாறு, உடைஞ்ச குழாய் எல்லாத்துக்கும் அதுதான்.

'இவ்வளவுதானா!' என்று உங்களுக்குத் தோணுதுல்ல? எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. அந்தக் கோபம் வரணும் என்பதுதான் என் பாயிண்டே. கணக்கைக் காட்டினா 'எவன் தின்னான்?' என்ற கேள்வி மட்டும் வரும்னு அதிகாரிகள் பயப்படுறாங்க. அதைவிடப் பெரிய கேள்வி, 'இவ்வளவு கம்மியா வச்சு எப்படிப்பா ஓட்டுறீங்க?' என்பது. அந்தக் கேள்வியை ஊர் கேக்கணும்னா ஊருக்கு நம்பர் தெரியணும்.

அந்தக் கொஞ்சமும் ஒழுங்கா வருதான்னா, அதுவும் கிடையாது. 2024-25க்கு சமக்ர சிக்ஷாவில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய ரூ.2,152 கோடியை மத்திய அரசு நிறுத்தி வச்சது. பி.எம். ஸ்ரீ பள்ளி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, புதிய கல்விக் கொள்கையை ஏத்துக்கோ என்பது டில்லி வாதம். மாட்டேன் என்பது சென்னை வாதம். 2025 மே மாசம் தமிழ்நாடு சுப்ரீம் கோர்ட்டுக்கே போச்சு. இதில் யார் பக்கம் நியாயம்னு உங்களுக்கு ஒரு கருத்து இருக்கும், எனக்கும் இருக்கு. ஆனா டில்லியில் பணம் நின்னதுக்கும் பக்கத்து பள்ளிக்கூடத்தில் மோட்டார் ரிப்பேர் ஆகாம கிடக்கிறதுக்கும் சம்பந்தம் இருக்கா இல்லையான்னு ஊர்க்காரனுக்கு எப்படித் தெரியும்? 'இவ்வளவு வரணும், இன்னும் வரலை' என்று சுவரில் ஒரு வரி இருந்தாத்தானே தெரியும்? அந்த வரி இல்லாதப்ப ஊர் என்ன பேசும்? 'ஹெச்.எம். சாப்பிட்டுட்டார்' என்றுதான் பேசும்.

*

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம்.

நம்ம ஊருக்குப் பேர் அப்ப விருதுபட்டி. 1923லதான் விருதுநகர்னு மாறுச்சு. நாடார் சமூகத்து யாவாரிகள் 1880களில் இங்கே க்ஷத்திரிய வித்யாசாலா என்று ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க. நாம கே.வி.எஸ்.னு சொல்றோமே, அதேதான். அதே சமூகத்தைக் கோயிலுக்குள்ள விடாத காலம் அது. 1899ல் சிவகாசிக் கலவரம், கமுதிக் கோயில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1908ல் தீர்ப்பு, இதெல்லாம் அந்தக் காலத்துக் கதை. 'உனக்கு இடம் இல்லை' என்று சொன்ன உலகத்துக்கு அவங்க கொடுத்த பதில்களில் ஒண்ணு, சொந்தக் காசில் பள்ளிக்கூடம்.

காசு எங்கிருந்து வந்துச்சு? ரெண்டு வழி. ஒண்ணு மகமை. யாவாரத்துக்கு வர்ற சரக்கில் மூட்டைக்கு இவ்வளவுன்னு பொது நிதிக்கு எடுத்து வைக்கணும். பெரிய யாவாரின்னா நிறைய மூட்டை, அதனால நிறைய மகமை. சின்ன யாவாரிக்குக் கம்மி. இன்னிக்கு வரி நிபுணர்கள் பெரிய பெரிய வார்த்தையில் சொல்றதை நம்ம பேட்டை யாவாரிகள் மூட்டைக் கணக்கில் முடிச்சுட்டாங்க. இன்னொண்ணு பிடி அரிசி. வீட்டில் உலை வைக்கும்போது பள்ளிக்கூடத்துக்குன்னு ஒரு பிடி அரிசி தனியா எடுத்து வைக்கிறது. பணக்காரன் வீட்டுப் பிடியும் ஏழை வீட்டுப் பிடியும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். அந்தப் பள்ளிக்கூடத்தில் படிச்ச ஒரு பையன் பேர் காமராஜ். அப்பா செத்துப்போக, படிப்பை விட்டுட்டு மாமா ஜவுளிக்கடைக்குப் போன பையன்.

இதில் நான் கவனிக்கச் சொல்றது தானத்தை இல்லை. தானத்தைப் பத்தி மேடைக்கு மேடை பேசியாச்சு. நான் கவனிக்கச் சொல்றது கணக்கை. மகமையை வசூல் பண்றதுக்கு முறைகாரர்கள் இருந்தாங்க. பேர்லயே இருக்கு பாருங்க, முறை வச்சுப் பார்க்கிற வேலை. இன்னிக்கு நீ, நாளைக்கு நான். உறவின்முறைக் கூட்டத்தில் கணக்குச் சொல்லணும். கேக்கிறவனும் யாவாரி, சொல்றவனும் யாவாரி. அரையணா இடிச்சாலும் கண்டுபிடிக்கிற கூட்டம். அமெரிக்காவிலிருந்து வந்து ஆராய்ச்சி பண்ணி ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்பவர் 1969ல் நாடார்களைப் பத்திப் புத்தகமே போட்டார். அதில் இந்த மகமையும் உறவின்முறையும் முக்கியமான இடத்தில் இருக்கு.

பிடி அரிசி கொடுத்த வீட்டுக்கு அது எங்கே போச்சுன்னு தெரியும். இதுதான் அந்தப் பள்ளிக்கூடத்தோட அஸ்திவாரம்.

உடனே 'பழைய காலத்துப் பெருமை பேசாதே' என்று ஒரு குரல் கேக்குது. கேக்க வேண்டிய குரல்தான். மகமை ஒரு சாதியோட நிதி. உறவின்முறைன்னா குடும்பத் தலைவர்களான ஆம்பளைங்க கூடிப் பேசுற இடம். அந்தக் கூட்டத்தில் உட்கார வேற சாதிக்காரனுக்கு இடம் இல்லை, பொம்பளைக்கும் இல்லை. அது மறுபடி வரணும்னு நான் சொல்லவே இல்லை. அரசுப் பள்ளிக்கூடம் என்பது அதைவிட நூறு மடங்கு பெரிய விசயம். எல்லார் வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சு. நான் சொல்றது இவ்வளவுதான்: ஒரு சாதி தன் பள்ளிக்கூடத்துக்குக் கணக்குக் கேட்டுச்சு. ஊரே சேர்ந்து வச்சிருக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஊர் கணக்குக் கேக்க வேணாமா?

அந்த ஜவுளிக்கடைப் பையன் 1954ல் முதலமைச்சர் ஆனப்ப அந்தப் புத்தி கூடவே போச்சுன்னு நான் நினைக்கிறேன். மதிய உணவு முதலில் ஊர்க்காரங்க கொடுத்ததில்தான் ஆரம்பிச்சது. அப்புறம்தான் சர்க்காரும் ஊரும் பங்கு போட்டுச்சு. 1958லிருந்து நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநரா இருந்து நடத்தின பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் இன்னும் நல்ல உதாரணம். இந்தப் பள்ளிக்கு இன்னின்ன தேவைன்னு பட்டியல் போட்டு ஊர் முன்னாடி வைப்பாங்க. ஊர்க்காரங்க 'பெஞ்சு நான் தர்றேன், கடிகாரம் நான் தர்றேன், கட்டடத்துக்கு நிலம் நான் தர்றேன்' என்று ஏத்துக்குவாங்க. ஊருக்குத் தேவை தெரிஞ்சது, அதனால கொடுத்தாங்க. எது முதலில் வந்துச்சுன்னு பாருங்க. பட்டியல் முதலில், பணம் அப்புறம்.

*

சரி, இன்னிக்குக் கணக்குக் கேக்க வழியே இல்லையா? இருக்கு. பிரமாதமா இருக்கு. காகிதத்தில்.

2009ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் (2010 ஏப்ரல் 1 முதல் அமல்) ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு வேணும்னு சொல்லுது. அதில் நாலில் மூணு பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அவங்க வேலை என்ன? பள்ளிக்கூடம் எப்படி நடக்குதுன்னு பார்க்கிறது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் போடுறது, வர்ற மானியம் எப்படிச் செலவாகுதுன்னு கண்காணிக்கிறது. கடைசியா சொன்னதைத் திரும்பப் படிங்க. இது யாரோ போடுற பிச்சை இல்லை, சட்டம் கொடுத்த வேலை. தமிழ்நாட்டில் 2022ல் இந்தக் குழுக்களைப் புதுசா அமைச்சாங்க. 2024ல் மறுபடி அமைக்கும்போது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தாங்க. போன்ல பார்க்க ஒரு பெற்றோர் செயலிகூட உண்டு.

அப்புறம் ஏன் யாருக்கும் ஒண்ணும் தெரியலை?

எங்க பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தங்க இந்தக் குழுவில் உறுப்பினர். வேலை ஃபயர் ஆபீஸ்ல. (வெளியூர்க்காரங்களுக்கு: இங்கே பட்டாசுத் தொழிற்சாலைக்கு ஃபயர் ஆபீஸ், தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு தீப்பெட்டி ஆபீஸ். டை கட்டிட்டுப் போற ஆபீஸ் இல்லை.) கேட்டேன்.

"அக்கா, நீங்க ஸ்கூல் கமிட்டியில இருக்கீங்களாமே?"

"ஆமா தம்பி, பேரு எழுதிக்கிட்டாங்க."

"கூட்டத்துக்குப் போவீங்களா?"

"வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வான்னா எங்குட்டு வர? பீஸ் ரேட்டு வேல. பாதியில எந்திரிச்சா அன்னிக்குக் கூலி போச்சு. ஆபீஸ் பஸ்ஸை விட்டா வீட்டுக்கு வர வழியும் கெடையாது. மறுநா புள்ளகிட்ட நோட்டைக் குடுத்து விடுவாக, கையெழுத்துப் போட்டு அனுப்பிருவேன்."

"எவ்வளவு பணம் வந்துச்சு, என்ன செலவுன்னு அதுல எழுதியிருக்குமா?"

"அத யாரு வாசிச்சா? ஆனா தம்பி, எங்க மகளிர் குழுவுல ஒத்த ரூவா குறைஞ்சாலும் நாங்க விட மாட்டோம் பாத்துக்க."

அந்தக் கடைசி வரியில்தான் எல்லாம் இருக்கு. 'படிக்காத சனங்களுக்குக் கணக்கு என்ன தெரியும்' என்று பேசுறவங்க இருக்காங்க. 1989ல் தர்மபுரியில் ஆரம்பிச்ச மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்னிக்குத் தமிழ்நாடு பூரா இருக்கு. கூட்டம் போட்டு, சேமிப்பை எண்ணி, கடனை எழுதி, வட்டியை வாசிச்சு ஓட்டுறது யாரு? இதே அக்காக்கள்தான். பேரேடு அவங்களுக்குப் புதுசு இல்லை. வெள்ளிக்கிழமை மூணு மணிதான் பிரச்சினை.

சென்னையில் ஒரு மேசையில் உட்கார்ந்து இந்த நேரத்தைத் தீர்மானிச்சவங்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. வாத்தியார்களுக்கு வேலை நேரத்துக்குள்ள முடியணும்னு நினைச்சிருப்பாங்க. நியாயம்தான். ஆனா சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் வெள்ளிக்கிழமை மூணு மணி என்றால் அப்பாவும் ஆபீஸ்ல, அம்மாவும் ஆபீஸ்ல. கூட்டத்துக்கு வர முடிஞ்சது யாரு? வேலைக்குப் போகத் தேவையில்லாத வீடு. அந்த வீட்டுப் பிள்ளை பெரும்பாலும் அரசுப் பள்ளியிலேயே படிக்காது. அப்ப அந்த நோட்டில் யார் கையெழுத்து இருக்கு, யார் குரல் இருக்கு?

ஃபயர் ஆபீஸ்ல வேலை பார்க்கிற ஒரு தாய்க்கு இந்தப் பள்ளிக்கூடம் என்னன்னு சொல்லணுமா? எத்தனை வெடி விபத்துச் செய்தி படிக்கிறோம்! 'என் பிள்ளை இதுக்குள்ள வரக் கூடாது' என்பதுதான் அவங்க ஒரே வேண்டுதல். ஒரு காலத்தில் இதே ஏரியாவில் பிள்ளைகளே தீப்பெட்டி ஒட்டினாங்க. அதுக்காக எண்பதுகளின் கடைசியில் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் கொண்டு வந்தாங்க. அங்கேயிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வந்த ஊர் இது. அந்தப் பள்ளிக்கூடத்தில் பொம்பளைப் பிள்ளைக்கு ஒழுங்கான கக்கூஸ் இல்லைன்னா, வயசுக்கு வந்ததும் மாசம் நாலு நாள் லீவு. அப்புறம் வாரம் ஒரு நாள். அப்புறம் ஒரேயடியா நின்னுடும். மாசம் 500 ரூபாய் பினாயில் கணக்கு சின்னக் கணக்கு மாதிரித் தெரியும். அந்தப் பிள்ளைக்கு அது பெரிய கணக்கு.

*

கொஞ்சம் வெளியேயும் எட்டிப் பார்ப்போம்.

அமெரிக்காவில் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்று ஒரு ஏற்பாடு. ஒரு ஏரியாவில் இருக்கிற பள்ளிகளுக்குத் தனி நிர்வாகம், தனி பட்ஜெட். நியூயார்க் மாநிலத்தில் பெரும்பாலான டிஸ்ட்ரிக்டுகளில் வருசா வருசம் மே மாசம் மூணாவது செவ்வாய்க்கிழமை அந்த பட்ஜெட்டுக்கே ஓட்டு. முன்கூட்டியே கணக்கை வெளியிட்டு, பொதுக்கூட்டம் போட்டு விளக்கி, அப்புறம் ஓட்டுப் பெட்டி. ரெண்டு தடவை தோத்தா நிர்வாகம் சிக்கன பட்ஜெட்டுக்கு இறங்கணும். அங்கேயும் ஓட்டை இருக்கு. வீட்டு வரியை நம்பி ஓடுறதால பணக்கார ஏரியாவுக்கு நல்ல பள்ளிக்கூடம், ஏழை ஏரியாவுக்குச் சுமாரானது. அந்த விசயத்தில் மாநிலம் முழுக்க ஒரே ரேட்டில் வாத்தியார் சம்பளம் கொடுக்கிற நம்ம முறைதான் மேல். ஆனா கணக்கை வாசிக்கிற பழக்கத்தை மட்டும் அவங்ககிட்ட கடன் வாங்கலாம்.

அமெரிக்கா பணக்கார நாடு, விடுங்க. உகாண்டா? அங்கே 1991லிருந்து 1995 வரைக்கும் பள்ளிகளுக்கு அரசு அனுப்பின தலைவீத மானியத்தில் சராசரியா 13 சதவீதம்தான் பள்ளிக்கூடத்தை எட்டுச்சுன்னு ஒரு ஆய்வில் தெரிஞ்சது. நூறு ரூபாய் கிளம்பினா 13 ரூபாய்! என்ன பண்ணாங்க? எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம்னு பேப்பரில் போட்டாங்க, பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டச் சொன்னாங்க. 2001ல் 80 சதவீதத்துக்கு மேல போய்ச் சேர ஆரம்பிச்சது. பேப்பரில் போட்டது மட்டும் காரணமில்லை, வேற சீர்திருத்தங்களும் அப்ப நடந்துச்சுன்னு வாதாடுறவங்க உண்டு. இருக்கட்டும். சுவரில் ஒட்டினதால நஷ்டம்னு யாரும் சொல்லலை.

*

இனி வழக்கமா வர்ற பதில்கள்.

'ஹெச்.எம்.களுக்கு ஏற்கனவே ஆயிரத்தெட்டு ரிப்போர்ட், இதுல இது வேறயா?'

உண்மைதான், அவங்க பாடு பாவம். எனக்குத் தெரிஞ்ச ஒரு ஹெச்.எம். மானியம் வர லேட்டானதால தண்ணி மோட்டாரைத் தன் கைக்காசில் ரிப்பேர் பார்த்தார். அது ஊரில் யாருக்கும் தெரியாது. மாறா, 'மானியத்தை அமுக்கிட்டார்' என்று அவர் காதுபடவே பேச்சு. சுவரில் கணக்கு இருந்தா முதல் லாபம் அவருக்குத்தான். ஒளிவுமறைவு இல்லாத மனுசனுக்குக் கணக்குப் பலகைதான் கேடயம். திருடுறவனுக்கு மட்டும்தான் அது தொல்லை.

'ஊர் அரசியல் உள்ளே வந்துடும்.'

இப்ப மட்டும் இல்லாமலா இருக்கு? இருட்டில் நடக்கிற அரசியலைவிட வெளிச்சத்தில் நடக்கிறது தேவலை.

'சனங்க வர மாட்டாங்க.'

கோயில் திருவிழா முடிஞ்சதும் வரவு செலவு நோட்டீஸ் அடிச்சு வீடு வீடாக் கொடுக்கிறோம். நாதஸ்வரத்துக்கு எவ்வளவு, பந்தலுக்கு எவ்வளவு, கையிருப்பு எவ்வளவுன்னு வரி வரியாப் படிச்சு, 'பூவுக்கு இவ்வளவா?' என்று சண்டைக்குப் போற ஊர் இது. அந்த ஆர்வம் பள்ளிக்கூடத்து மேல வராதுன்னு எப்படிச் சொல்றீங்க? நோட்டீஸே அடிக்காம? நாடு பூரா காலண்டர் அடிச்சுக் கொடுக்கிற சிவகாசியில், ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒரு பக்கக் கணக்கு அடிக்க எவ்வளவு ஆகிடப் போகுது? :-)

*

சும்மா புலம்பிட்டுப் போனா நல்லா இருக்காது. நான் கேக்கிறது அஞ்சே அஞ்சு.

1. பள்ளிக்கூட வாசலில், தெருவில் போறவன் கண்ணில் படுற மாதிரி ஒரு கரும்பலகை. வர வேண்டியது, வந்தது (தேதியோட), செலவானது, மிச்சம். நாலு வரி. சாக்பீஸ் போதும். ஃபிளெக்ஸ் போர்டு வேண்டாம், போட்டோவும் வேண்டாம்.

2. கூட்ட நேரத்தை ஊருக்கு ஊர் மாத்திக்க அனுமதி. எல்லாக் கூட்டமும் முடியாட்டி, வருசத்துக்கு ரெண்டு கூட்டமாவது ஞாயித்துக்கிழமை காலையில். வர்ற வாத்தியார்களுக்கு மாத்து லீவு கொடுங்க. அவங்களும் மனுசங்கதான்.

3. செயலியில் ஏத்துறது மட்டும் வாசிச்சதா ஆகாது. கூட்டத்தில் சத்தமா வாசிக்கணும். ஊராட்சியில் ஜனவரி 26, ஆகஸ்ட் 15 கிராம சபையிலும் அந்த ஒரு பக்கத்தை வாசிக்கணும். அஞ்சு நிமிசம்.

4. நன்கொடையும் அதே பலகையில் வரணும். 2022ல் ஆரம்பிச்ச 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியா வந்தாலும் சரி, கம்பெனி கொடுத்தாலும் சரி, முன்னாள் மாணவர்கள் கொடுத்தாலும் சரி. டியூப்லைட் வெளிச்சத்தைவிட அதில் எழுதின உபயதாரர் பேர் பெருசா இருக்கிற வியாதி நமக்கு உண்டு. பேர் போடுங்க, தப்பில்லை. பக்கத்திலேயே தொகையும் போடுங்க.

5. தேவைப் பட்டியல். முதலில் என்ன வேணும், ரெண்டாவது என்ன வேணும்னு அந்த அக்காக்கள் சொல்ற வரிசையில். 1958ல் செஞ்சதுதான், புதுசா ஒண்ணும் இல்லை. கக்கூஸ் கேக்கிற இடத்தில் கலையரங்கம் கட்டிக் கொடுக்கிற கூத்து அப்பத்தான் குறையும்.

இதுக்கு எதுக்கும் புதுச் சட்டம் வேண்டாம். கோடி வேண்டாம். ஒரு ஹெச்.எம்., ஒரு குழுத் தலைவி, ஒரு டப்பா சாக்பீஸ் போதும்.

வருசா வருசம் ஜூலை 15 காமராஜர் பிறந்த நாளைக் கல்வி வளர்ச்சி நாள்னு கொண்டாடுறோம். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, படத்துக்கு மாலை, மிட்டாய். பிள்ளைகளும் 'கல்விக் கண் திறந்தவர்' என்று மழலையில் பேசிக் கைதட்டு வாங்கும். எல்லாம் நடக்கட்டும். வர்ற ஜூலை 15 அன்னிக்கு, மிட்டாய் கொடுக்கிறதுக்கு முன்னாடி, அந்தப் பள்ளிக்கூடத்துப் போன வருசக் கணக்கை ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை மைக்கில் வாசிக்கட்டுமே. வந்தது இவ்வளவு, செலவு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு, இன்னும் தேவை இவ்வளவுன்னு. பிடி அரிசிப் பள்ளிக்கூடத்தில் படிச்ச மனுசனுக்கு மாலையைவிட அது பிடிக்கும்னு நான் நினைக்கிறேன்.

நீங்க என்ன நினைக்கிறீங்க?

டிஸ்கி: 'நீ உன் தெருப் பள்ளிக்கூடத்தில் கேட்டியா?' என்று கேக்கப் போறவங்களுக்கு... கேட்டேன். 'எழுதிப் போடுறோம் சார், பலகைதான் இல்லை' என்றார்கள். ஒரு பலகைக்கு விலை விசாரிச்சாச்சு. நாலு பேர் சேர்ந்தா ஆளுக்கு ஒரு பரோட்டா செட் காசுதான். அந்தக் கணக்கையும் பலகையில் முதல் வரியா எழுதச் சொல்லியிருக்கேன்.